பெயர் கேட்காத ஞாயிறுகள்

1

இந்தக் குறிப்புகளைக் கொழும்பு வெள்ளவத்தையில், அக்காவின் ஃபிளாட்டில் இருந்து எழுதுகிறேன். ஊரை விட்டுப் போனவன் ஊருக்கு வந்திருந்து எழுதுவது என்ன புலம்பெயர் எழுத்து என்று யாராவது கேட்டால், கேட்டுவிட்டுப் போகட்டும். அமெரிக்காவில் இருந்து எழுத எனக்கு நேரம் கிடைப்பதில்லை. வேலைக்குப் போவது, வாசலில் பனி வழிப்பது, ஞாயிற்றுக்கிழமைகளில் நெஞ்சு படபடப்பது என்று எல்லாமே அங்கே நேரம் குறித்து நடக்கின்றன.

அப்பாவின் திவசம் ஆவணியில் வரும். வருடத்துக்கு வருடம் திதி முன்பின் ஆனாலும் ஆகஸ்ட் கடைசியை விட்டு அதிகம் விலகாது. அதே ஆகஸ்ட் கடைசியில்தான் அமெரிக்காவில் தொழில்முறைப் புட்போல் அணிகள் தங்கள் ஆட்களைக் குறைக்கும். கோடை முழுவதும் வெயிலில் ஓடவிட்டு, உருளவிட்டு, முடிவில் கூட்டம் கூட்டமாக வீட்டுக்கு அனுப்புவார்கள். என் மகன் அருண் அந்தக் கூட்டத்தில் ஒருவனா இல்லையா என்பது இந்தக் கிழமை தெரிந்துவிடும். அவனுக்கு இருபத்தேழு வயது. இது மூன்றாவது அணி. இங்கேயும் விலக்கினால் இன்னொன்று கிடைக்கும் என்று அவனே நம்பவில்லை.

ஆகவே அவன் திவசத்துக்கு வந்ததே கிடையாது. மனோ அக்கா அவனைக் கடைசியாக நேரில் பார்த்தது அவனுக்குப் பால்பல் விழுந்துகொண்டிருந்த வயதில். இந்த முறை விமான நிலையத்தில் என்னைக் கண்டதும், என் பெட்டிகளுக்குப் பின்னால் அவன் ஒளிந்து நிற்கிறானோ என்று எட்டிப் பார்த்தாள்.

"இந்த முறையும் வரேல்லையோ?"

"அவனுக்கு வேலை அக்கா."

"பந்து விளையாடுறது ஒரு வேலையோ? லீவு கேட்டாக் குடுக்கமாட்டாங்களோ?"

கேட்டால் கொடுப்பார்கள், நிரந்தரமாகவே கொடுத்துவிடுவார்கள். அதைக் கட்டுநாயக்காவில் நின்று விளங்கப்படுத்த எனக்குத் தெம்பு இருக்கவில்லை. என் மனைவி வசந்திக்கும் மருந்துக்கடையில் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

2

மேல்மாடியில் யோகநாதன் என்று ஓய்வுபெற்ற வங்கி மனேஜர் ஒருவர் இருக்கிறார். லிஃப்டுக்குக் காத்து நின்றபோது பிடித்துக்கொண்டார்.

"மகன் என்ன செய்யிறார்?"

"புட்போல் விளையாடுறார்."

"ஆ! கோல் அடிக்கிறவரோ?"

"அந்தப் புட்போல் இல்லை. அமெரிக்கன் புட்போல்."

"அப்ப றகர், ரக்பி எண்டு சொல்லுங்கோவன்."

"றகரும் இல்லை."

"பந்தைக் கொண்டு ஓடுறவரோ?"

"பந்தைப் பிடிக்க ஓடுறவனைப் பிடிக்க விடாமல் தடுக்கிறவர்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பாவம், அவருக்குப் பந்தே கிடைக்காதோ?" என்றார். நல்லகாலமாக லிஃப்ட் வந்துவிட்டது.

அவருக்குச் சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். கோர்னர்பேக் என்பது அருணின் இடத்துக்குப் பெயர். மைதானத்தின் ஓரத்தில் தனியாக நிற்பான். அவனுக்கு நேரெதிரே மற்ற அணியின் மிக வேகமான ஆள் நிற்பான். அந்த ஆளுக்குத் தான் எங்கே ஓடப்போகிறேன் என்பது தெரியும், அருணுக்குத் தெரியாது. தெரியாமலே, முதலில் பின்பக்கமாகவும் பிறகு திரும்பியும், அவனை ஒட்டியபடி ஓடவேண்டும். ஒழுங்காக ஓடினால், பந்தை எறிகிறவன் இந்தப் பக்கம் சரிவராது என்று வேறு பக்கம் எறிந்துவிடுவான். கமராவும் அந்தப் பக்கமே போய்விடும். அருண் செய்த வேலை ஒருவர் கண்ணிலும் படாது. ஒரு அடி பிந்தினால் மட்டும் நாடு முழுக்கத் தெரியும்.

3

எங்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை என்பதை அமெரிக்காவில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியாது. செல்லத்துரை என் அப்பாவின் பெயர். குணரத்தினம் என்பது நான். இலங்கையில் நான் செ. குணரத்தினம். அந்த ஓர் எழுத்தோடு அப்பா முன்னால் போய்க்கொண்டிருப்பார், ஒருவருக்கும் கரைச்சல் இல்லை. கடவுச்சீட்டில் அவரை விரித்து முழுதாக எழுதினார்கள். அங்கே போய் இறங்கியதும், முன்னால் இருப்பது உன் பெயர், பின்னால் இருப்பது உன் குடும்பத்தின் பெயர் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் நான் 'செல்லா'. அம்மா தன் வாழ்நாளில் ஒருமுறைகூட அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்கே என்னைவிட எவ்வளவோ இளைய மேலாளன் வந்து, "செல்லா, அந்த அறிக்கை இன்னுமா முடியவில்லை?" என்று மேசையில் தட்டுகிறான். அப்பாவை ஒருவன் அதட்டுவதுபோல் எனக்கு ஒவ்வொரு தடவையும் உடம்பு கூசும்.

என் பெயர் இன்னும் மோசமான வழியில் போனது. வசந்தி, மிஸிஸ் குணரத்தினம் ஆனாள். ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளை அருண் குணரத்தினம் ஆனான். நான் என் தகப்பன் பெயரில் ஏச்சு வாங்க, என் மகன் தன் தகப்பன் பெயரில் ஏச்சு வாங்குகிறான். வேறு எந்தச் சாதி சனத்துக்கும் இந்த வில்லங்கம் வந்திருக்காது.

அவன் முதன்முதலாக அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தொலைக்காட்சியில் வந்தபோது நான் அழுதேன். முதுகில் தோளிலிருந்து தோளுக்கு என் பெயர். எழுத்துகள் இடம் போதாமல் அக்குளுக்குள் போயிருந்தன. கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஐந்து பேரில் ஒருவனாக ஓர் அறையில் படுத்து எழும்பிய எனக்கு, அவ்வளவு பெரிய எழுத்தில் என் பெயரை இதற்கு முன் எங்கேயும் பார்த்த நினைவில்லை. கண்ணைத் துடைத்து முடிவதற்குள், எதிரணியின் நெட்டையன் ஒருவன் எழும்பி அருணின் தலைக்கு மேலால் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினான். வர்ணனையாளர் என் பெயரைக் கத்தினார். குணரத்தினம் ஏமாந்தார் என்றார். அதையே இன்னொரு கோணத்தில் காட்டி, குணரத்தினம் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார் என்று கேட்டார். நான் சோபாவில் இருந்து தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை சுப்பர்மார்க்கெட்டில் காசு வாங்குகிறவர் என் வங்கி அட்டையைப் பார்த்துவிட்டு, அந்தக் கோர்னர்பேக் உங்கள் உறவா என்று கேட்டார். மகன் என்றேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் முட்டைகளை மிகவும் கவனமாகப் பையில் வைத்தார்.

அதன்பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான் போகிறது. வசந்தி ஆட்டம் பார்க்கமாட்டாள். குசினியில் நின்றபடி, "பேர் சொன்னவங்களோ?" என்று கேட்பாள். இல்லை என்றால் "அப்பாடா" என்பாள். ஆட்டம் முழுவதும் பெயர் வராவிட்டால் அன்று இரவு புட்டும் முட்டைப்பொரியலும் கிடைக்கும். பெயர் வந்தால் பாணும் பருப்பும்தான். இவ்வளவு பெரிய சனக்கூட்டத்தின் முன்னால் பிள்ளை விளையாட, அவன் பெயரை ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்று தாயும் தகப்பனும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறோம். பிள்ளை வளர்த்து நாங்கள் கண்ட சுகம் இது.

4

இதற்காகவா போனோம் என்று எனக்கு எரிச்சல் வருவதுண்டு. சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு, பின்னேரம் கணக்கு வகுப்பு என்று ஒழுங்காகத்தான் வைத்திருந்தேன். பாடசாலையில் ஒரு பயிற்றுநர் அவன் ஓடுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். எங்கள் சோபாவில் உட்கார்ந்து, வசந்தி கொடுத்த வடையை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தபடி, "இவனுடைய கால்கள் கடவுள் கொடுத்தவை" என்றார். கணக்கு வகுப்பு அந்தக் கிழமையே நின்றது. தமிழ் வகுப்பு மாரி வரும்வரை தாக்குப்பிடித்தது.

அவனுடைய தமிழைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும், எங்களுக்கு வருவதில்லை. ஒருமுறை ஆட்டம் முடிந்து தாய்க்குப் போன் எடுத்து, "அம்மா, இண்டைக்கு நான் மூண்டு தரம் அடி வாங்கினன்" என்றான். எதிராளி தன்னை மூன்று தடவை முந்திவிட்டான் என்பதை ஆங்கிலத்தில் யோசித்துத் தமிழில் சொல்லியிருக்கிறான். வசந்தி "ஐயோ, ஆரடா அடிச்சது? கோச்சோ?" என்று அழத்தொடங்கிவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்தி முடிக்க அவனுக்குத் தமிழ் போதவில்லை.

உண்மையான பயம் வேறு. அவனுடைய கைவிரல்கள் இப்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைப் பார்க்கின்றன. காலையில் கட்டிலில் இருந்து இறங்கும்போது என்னைவிடக் கிழவனாக இறங்குகிறான். போன தைப்பொங்கலுக்கு வந்தவன் கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே வீடு முழுக்கத் தேடினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். தலையில் வாங்கிய அடியெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று யார் எனக்குச் சொல்லப்போகிறார்கள்? உயிரியலில் பட்டம் வைத்திருக்கிறான், விட்டுவிட்டு மேலே படி என்று வருடாவருடம் சொல்கிறேன். "ஒரு சீசன் அப்பா, ஒண்டே ஒண்டு" என்பான்.

5

இரட்டைக் குடியுரிமைக்கான அலுவலாக ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அரை நாள் இருக்கவைத்த பிறகு கூப்பிட்டார்கள். "வாசகம மொகக்த மாத்தயா?" என்று கேட்டாள் கவுண்டரில் இருந்த பிள்ளை. குடும்பப் பெயர் என்னவாம். வாசகம நே, எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை. கொம்பியூட்டர் அந்தப் பெட்டியை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போகாது என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, என் அமெரிக்கக் கடவுச்சீட்டைப் பார்த்துக் குணரத்தினம் என்றே அடித்தாள். பிறந்த நாடும் அமெரிக்கா சொன்னதையே ஏற்றுக்கொண்டது.

அந்த எரிச்சலோடு வந்தவனை அக்கா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வெள்ளிக்கிழமை தவறாமல் பம்பலப்பிட்டிக் கோயிலில் அவள் அருணுக்கு அர்ச்சனை செய்விக்கிறாள் என்பது எனக்குத் தெரியும். என்ன கேட்கிறாள் என்பது அன்றுதான் தெரிந்தது. அவளுக்கு மனதுக்குள் கும்பிடத் தெரியாது, வாய்விட்டுத்தான் கேட்பாள்.

"முருகா, என்ர மருமகன்ட பேரை ரீவியில எல்லாரும் சொல்லவேணும். திருப்பித் திருப்பிச் சொல்லவேணும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஐயோ அக்கா, அப்பிடிக் கேக்காதை!"

"ஏன்ரா? கூடாததே கேட்டனான்?"

"பேர் சொன்னா அவன் பிழை விட்டிட்டான் எண்டு அர்த்தம். சொல்லாமல் இருக்கவேணும்."

"உனக்கென்ன விசரே? பிள்ளையின்ர பேரை ஆரும் சொல்லக்கூடாது எண்டு கோயிலில கேப்பினமே?"

"எவ்வளவு காலமா இப்பிடிக் கேக்கிறாய்?"

"அவன் ரீவியில வரத் துவங்கின நாளில இருந்து."

அவன் கோட்டை விட்ட ஆட்டங்கள் ஒவ்வொன்றாக என் நினைவுக்கு வந்தன. எனக்குச் சாமி நம்பிக்கை அவ்வளவு கிடையாது. ஆனாலும் முருகனைக் கொஞ்சம் கோபமாகத்தான் பார்த்தேன். கடைசியில், அணியில் வைத்திருக்கவேண்டும் என்று மட்டும் கேள் என்றேன். அக்கா முறைத்துவிட்டு அப்படியே கேட்டாள். நான் எதைக் கேட்பது என்று தெரியாமல் நின்றேன். அணியில் இருந்தால் இன்னும் ஒரு வருடம் தலையில் அடி. விலக்கினால் அவன் உடைந்துபோவான்.

6

அடுத்த புதன்கிழமை திவசம். செவ்வாய்க்கிழமைக்குள் அணிகள் முடிவு சொல்லியாகவேண்டும். புதன் விடிய எழும்பிப் போனைப் பார்த்தேன், செய்தி இல்லை. அங்கே செவ்வாய் இரவாகியிருந்தது. முன்பெல்லாம் விலக்கிய உடனேயே தாய்க்குச் சொல்லிவிடுவான், வசந்தி எனக்குச் சொல்லிவிடுவாள். சத்தம் இல்லை என்றால் தப்பிவிட்டான் என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. இணையத்தில் தேடிப் பார்த்திருக்கலாம். பயத்தில் பார்க்கவில்லை.

ஐயர் கொட்டாஞ்சேனையில் இருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். சோபாவைத் தள்ளிவிட்டு ஹோலில் உட்கார்ந்தோம். தர்ப்பைப் பவித்திரத்தை என் விரலில் போட்டுவிட்டுக் கேட்டார்.

"தகப்பன் பேர்?"

"செல்லத்துரை."

"அவற்ர தகப்பன்?"

"கதிரவேலு."

"அவருக்கும் தகப்பன்?"

"சின்னத்தம்பி."

ஐயர் ஒவ்வொருவரையும் அவரவர் சொந்தப் பெயரால் கூப்பிட்டார். நான் எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. எழும்ப முடியாது. அக்காதான் ஓடிப்போய் எடுத்தாள். அவளுக்குக் காதோடு வைத்துக் கதைத்துப் பழக்கமில்லை, ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில்தான் போடுவாள்.

"மாமி, நான் அருண்."

"என்ர குஞ்சு! என்னடா இந்த நேரத்தில?"

"மாமி, ஐ ஆம் ஃப்ரீ நவ். நான் அங்க வாறன். திஸ் வீக்கே வாறன்."

அக்கா அழுகையும் சிரிப்புமாக, "பிள்ளை வாறானாம்! அப்பான்ர திவசத்தண்டைக்கே சொல்லுறான் பாரன்! எனக்குத் தெரியும், முருகன் கைவிடமாட்டார்!" என்று கத்தினாள். ஐயரும் மந்திரத்தை நிறுத்தி, "எல்லாம் பித்ருக்கள் ஆசீர்வாதம்" என்றார். இந்தக் கிழமையில் அவன் ஃப்ரீ என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் விளங்கியது. கையில் ஏந்தியிருந்த தண்ணீர் மடியில் ஊற்றுப்பட்டது. "குனிஞ்சு இறையுங்கோ" என்றார் ஐயர்.

7

கிரியை முடிந்ததும் பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அவனைக் கூப்பிட்டேன்.

"அம்மாவுக்குச் சொன்னியோ?"

"இல்ல. உங்களுக்குத்தான் ஃபர்ஸ்ட். சும்மா கார் ஓடிக்கொண்டு இருந்தன்."

"நல்லாத்தானே விளையாடினனி?"

"நல்லாத்தான் அப்பா. என்ர பக்கம் ஒருத்தரும் எறியவே இல்ல. பட், அவங்களுக்கு ஒரு யங் பையன் கிடைச்சிட்டான். காலைல ஒருத்தன் லொக்கருக்கு வந்தவன். கோச் கூப்பிடுறார், வா எண்டான். என்ர பேர் அவனுக்குச் சொல்ல வரேல்ல. நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட்டவன்."

பெயர் கேட்கக்கூடாது என்று எத்தனை ஞாயிறு கிடந்து துடித்திருப்போம்.

"நீங்க ஹேப்பியா இல்லையா? எவ்ரி இயர் விடு விடு எண்டுதானே சொன்னீங்க."

"ஓம், சொன்னனான்." அது உண்மை. அவன் விலகுவதைத்தான் நான் விரும்பினேன். இந்தச் செய்தியைக் கேட்கத்தான் இவ்வளவு காலம் காத்திருந்தேன். கேட்டபோது ஒரு துளி சந்தோஷமும் வரவில்லை. யாரோ என் பிள்ளையை வாசலில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்ற ஆத்திரம்தான் வந்தது. "வேற டீம் ஒண்டும் கேக்காதோ?"

"ஏஜென்ட் சொல்றார், சீசன் ஸ்டார்ட் பண்ணினதும் ஆருக்காவது காயம் வந்தா ஒரு இடம் வரலாமாம். கூப்பிட்டா அடுத்த ஃபிளைட்டில போகணும். மேபி வரும், மேபி வராது. நான் வெயிட் பண்ணேல்ல அப்பா. மாமியைப் பாக்க வாறன்."

"வராதை."

"வாட்?"

"வராதை அருண். அங்கயே நில். போனைக் கையில வைச்சிரு. நீ விடுறதெண்டா நீயா விடு. அவங்கள் போ எண்டு சொன்னதுக்காக விட்டிட்டு இங்க வராதை."

கீழே கடற்கரை ரயில் ஒன்று போய் முடிந்தது. "ஓகே அப்பா" என்றான். ஆறுதலா, கோபமா என்று அந்தக் குரலில் இருந்து எனக்குப் பிடிபடவில்லை. தலையைப் பற்றிய பயம் ஒரு பக்கம் இருக்க, நானே அவனைத் திரும்பவும் உள்ளே தள்ளுகிறேன். இப்படி ஒரு தகப்பன் இருப்பானா என்று என்னையே ஏசிக்கொண்டேன்.

உள்ளே அக்கா படையல் இலைக்குப் பக்கத்தில் நின்றபடி, அவனுக்கு எந்த அறையைக் கொடுப்பது என்று மேல்மாடி யோகநாதனின் மனைவியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அம்மா போகும்வரை பொறுத்துச் சொன்னேன்.

"அவன் வரேல்லை அக்கா. நான்தான் வரவேண்டாம் எண்டனான்."

அவள் என்னைப் பேசிய பேச்சை இங்கே முழுதாக எழுத முடியாது. பிள்ளை தானாக வருகிறேன் என்று சொல்ல, வேண்டாம் என்று சொல்லும் நீயெல்லாம் ஒரு மனிசனா என்பது அதில் மிருதுவான பகுதி. அவள் களைத்து உட்கார்ந்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவனை விலக்கிவிட்டார்கள், அதனால்தான் வருகிறேன் என்றான், வேறோர் அணியில் யாருக்காவது காயம் வந்தால் மட்டும் கூப்பிடுவார்கள், அதற்காகக் காத்திருக்கிறான் என்றேன். அக்கா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்ப நான் இனிக் கோயிலில என்னெண்டு கேக்கிறது? ஆரோ ஒரு தாயின்ர பிள்ளைக்குக் கால் முறியவேணும் எண்டோ?"

நான் இலையின் முன்னால் உட்கார்ந்தேன். அது நடந்தது புதன்கிழமை. இன்று வெள்ளிக்கிழமை. பின்னேரம் அர்ச்சனைக்கென்று எடுத்து வைத்த தேங்காய் மேசையில் இருந்தது. அக்கா சேலை மாற்றாமல் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குசினிக்குக் கொண்டுபோய், அதன் குடுமியைப் பிய்த்து, உடைத்து, இரவுச் சாப்பாட்டுக்குச் சம்பல் அரைத்தாள்.